புதுப்பிப்பு: தீக்கோழி முட்டையைக் கழுவுவது பற்றி ஒரு திருத்தம்

தென்னாப்பிரிக்காவின் ஊட்ஸ்ஹூர்ன் வட்டாரத் தீக்கோழிப் பண்ணைகளில், அடைகாப்பானுக்குள் (முட்டைகளைச் சூட்டில் வைத்துக் குஞ்சு பொரிக்கவைக்கும் கருவி) முட்டைகள் அழுகிப்போவதைப் பற்றி முன்பு எழுதியபோது, அழுக்கான முட்டையைக் குழாய்த் தண்ணீரில் கழுவலாம் என்று சொல்லியிருந்தேன். அது தவறு, யாரும் அதை நம்பிச் செய்துவிடக் கூடாது என்ற கவலையில் இதை எழுதுகிறேன்.

இட்ட முட்டை பறவையின் உடற்சூட்டிலிருந்து ஆறும்போது உள்ளிருப்பது சுருங்கி, ஓட்டின் நுண்துளைகள் வழியே வெளிக்காற்றை இழுக்கிறது; அந்நேரத்தில் ஓடு ஈர மண்ணிலோ எச்சத்திலோ கிடந்தாலும், முட்டையைவிடக் குளிர்ந்த நீரில் நனைந்தாலும், ஈ. கோலி, சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் உள்ளே புகுந்துவிடுகின்றன. அதன்பின் ஓட்டின்மேல் எவ்வளவு கிருமிநாசினி தெளித்தும் பயனில்லை. அடைகாப்பானில் முட்டை இருப்பது சுமார் 42 நாட்கள், ஏறத்தாழ 36 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில்: கருவை வளர்க்கும் அதே சூடு கிருமியையும் வளர்க்கிறது.

தீக்கோழி பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும் முட்டையிடுவதால், கூட்டில் உலர்ந்த மணல் பரப்பி, அன்று மாலையே சுத்தமான கைகளால் முட்டையை எடுத்து, ஒட்டியிருக்கும் மண்ணை உலர்ந்த தூரிகையால் நீக்குவதே என் பார்வையில் முதன்மையான வேலை. கழுவியே தீர வேண்டுமென்றால், முட்டையைவிடச் சூடான, கிருமிநாசினி கலந்த நீரையே பயன்படுத்துங்கள். நன்றாக உலர்ந்த பிறகே அடுக்குங்கள்.