நடவு ஆட்கள் மோட்டார் ரூமில் தங்கியிருக்கிறார்கள், இருமலும் காய்ச்சலும் விடவில்லை

மேலூர்க்காரன்:
வணக்கம். பெரியாறு கால்வாயில் தண்ணீர் திறந்ததும் நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்து ஆட்கள் வந்திருக்கிறார்கள். தங்குவது வயல் நடுவில் இருக்கும் மோட்டார் ரூமில். மேலே தகரம், ஜன்னலே கிடையாது, அதற்குள் எட்டுப் பேர் தரையில் சாக்கை விரித்துப் படுக்கிறார்கள், மழை வந்தால் விறகடுப்பும் உள்ளேதான். ஒருவருக்கு இருமல் நிற்கவே இல்லை, இரண்டு பேருக்குக் காய்ச்சல் வந்து வந்து போகிறது. மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுத்தால் ரெண்டு நாள் தாங்குது, அப்புறம் பழையபடி. வயல்காரரோ அவங்களுக்கு இதெல்லாம் பழக்கம் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. முதலில் எதைச் சரிசெய்யச் சொல்வது?

கிராமச் செவிலியர்:
இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டிவிட்டதா? அப்படியென்றால் நாளைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய் சளி கொடுக்கச் சொல்லுங்கள். காசநோய் காற்றில் பரவுவது, அடைத்த ரூமில் எட்டுப் பேர் ராத்திரி முழுக்க ஒரே காற்றைச் சுவாசித்தால் எல்லோருக்கும் ஆபத்து, அடுப்புப் புகை வேறு நுரையீரலைக் கெடுக்கும். காசநோய்தான் என்றாலும் பயப்பட வேண்டாம். மருந்து இலவசம், பெரும்பாலும் 6 மாதம், நடுவில் ஊருக்குப் போனாலும் நிக்ஷய் எண்ணை (காசநோயாளிகளுக்கு அரசு கொடுக்கிற பதிவு எண்) வைத்து அங்கேயே தொடரலாம், சத்தான சாப்பாட்டுக்கு மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். காய்ச்சல்காரர்களையும் விட்டுவிடாதீர்கள். எலி ஓடுகிற இடம், நாள் முழுக்கச் சேற்றில் நிற்கிற கால், அதில் ஒரு வெட்டுக்காயம் இருந்தால் போதும், எலிக்காய்ச்சல் வரலாம். டெங்குவாகவும் இருக்கலாம், ரத்தம் பார்த்தால்தான் தெரியும்.

வாடிப்பட்டி விவசாயி:
தரையில் படுக்கிறார்கள் என்றதும் பகீர் என்றது தம்பி. கட்டுவிரியன் ராத்திரியில்தான் வரும், கடித்ததே பல பேருக்குத் தெரியாது, விடியும்போது வயிற்றுவலி, கண் இமையைத் தூக்க முடியாது. கயிற்றுக்கட்டில் போடுங்கள், முடியாவிட்டால் கொசுவலையையாவது பாய்க்கு அடியில் நன்றாகச் செருகச் சொல்லுங்கள். கடித்துவிட்டால் நேரே 108தான், மந்திரிக்கக் கூட்டிப்போய் நேரத்தை விடக் கூடாது. அப்புறம் ரூமில் பூச்சிமருந்து இருக்கிறதா பாருங்கள். எங்கள் பக்கம் ஒரு இடத்தில் அரிசி மூட்டையை ஒட்டியே மருந்து டப்பா இருந்தது, காலிக் கேனைக் கழுவி அதிலேயே குடிதண்ணீர் பிடித்து வைத்திருந்தார்கள். அந்த விஷம் கழுவினால் போகிறதில்லை.

கொத்தனார்:
சுவரில் எதிரெதிரே மேலே நாலு கல்லைப் பெயர்த்து வலை அடித்தால் காற்று ஓடும், அரை நாள் வேலை. அடுப்புக்கு வெளியே ஒரு தகரச் சாய்ப்பு இறக்கிவிடுங்கள். சமுதாயக்கூடம் காலியாக இருந்தால் நடவு முடிகிறவரை பஞ்சாயத்தில் கேட்டுப் பாருங்கள் அண்ணே.

மேலூர்க்காரன்:
எல்லோருக்கும் நன்றி. காலையில் மூன்று பேரையும் கூட்டிப்போகிறேன், கொஞ்சம் தமிழ் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார், அவரும் வருகிறார். வயல்காரரிடம் இன்றைக்கே பேசுகிறேன்.