சேகண்டி ஒலிக்கும் சிம்பொனி

சிம்பொனி என்பது பெரிய இசைக்குழுவுக்காகப் பல பகுதிகளாக எழுதும் நீண்ட படைப்பு. நான் முதல் தடவையாக முழுசாகக் கேட்க உட்கார்ந்தது ரஷ்ய இசையமைப்பாளர் சைகோவ்ஸ்கியின் ஆறாவது சிம்பொனி. 'பதேதிக்' என்று தேடினால் கிடைக்கும். நான் கேட்டது எவ்கெனி ம்ராவின்ஸ்கி நடத்த, லெனின்கிராட் பில்ஹார்மோனிக் வாசித்தது. 1960 நவம்பரில் வியன்னாவின் மூசிக்ஃபெரைன் அரங்கில் டாய்ச் கிராமஃபோன் என்ற இசைத்தட்டு நிறுவனம் பதிவு செய்தது. தேர்ந்தெடுத்துக் கேட்டேன் என்று சொல்ல முடியாது, தேடியபோது கண்ணில் பட்டது அதுதான். அது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

முதல் நாள் இரவு சின்ன ஸ்பீக்கரில் போட்டேன். அடி ஆழத்தில் டபுள் பேஸ்கள் (வயலின் குடும்பத்தின் மிகப் பெரிய வாத்தியம்) முனக, அதற்கு மேல் பாஸூன் என்ற கனத்த குரல் குழல் வாத்தியம் ஒன்று இருட்டில் தடவித் தடவி மேலே வரும். ஒன்றுமே கேட்கவில்லையே என்று ஒலியைக் கூட்டினேன். பிறகு அந்தப் புகழ்பெற்ற இரண்டாவது மெட்டு வந்தது. ஒலியடக்கி போட்ட வயலின்களும் செல்லோக்களும் சேர்ந்து இறங்கி வரும் இடம். சொக்கிப்போய் உட்கார்ந்திருந்தேன். அதே மெட்டைக் கடைசியில் ஒரு கிளாரினெட் தனியாக எடுத்துக்கொண்டு மெலிந்துகொண்டே போகிறது. சத்தத்தைக் குறைத்து வாசி என்பதற்கு மேற்கத்திய இசைக்குறிப்பில் 'பி' என்று எழுதுவார்கள். இந்த இடத்தின் கடைசி நாலு சுரங்களுக்கு சைகோவ்ஸ்கி ஆறு 'பி' போட்டிருக்கிறார். அந்த நாலையும் எழுதியது பாஸூனுக்கு. அவ்வளவு சன்னமாக பாஸூனில் வாசிப்பது கடினம் என்பதால் பல நடத்துநர்கள் பேஸ் கிளாரினெட்டிடம் கொடுத்துவிடுவார்கள்.

இதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. சத்தம் அடங்கிவிட்டதே என்று இன்னும் இரண்டு புள்ளி கூட்டினேன். அடுத்த நொடி மொத்த இசைக்குழுவும் ஒரே அடியாக இறங்கியது. பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்த அப்பா எழுந்து வந்துவிட்டார். அவருக்கு ரத்த அழுத்தம் உண்டு, எனக்குக் கை நடுங்கிவிட்டது. "என்னம்மா விழுந்துச்சு?" என்றார். ஒன்றும் விழவில்லை, பாட்டுதான் என்று சொல்லி அவரைப் படுக்க வைத்துவிட்டு ஸ்பீக்கரை அணைத்தேன்.

அதனால் அடுத்த நாள் ஹெட்போன். பழைய ஹெட்போன், வலது பக்கம் எப்போதோ போய்விட்டது. பேசுவதற்கு மட்டும் வைத்திருந்தேன். பரவாயில்லை, ஒரு காது போதும் என்று போட்டுக்கொண்டேன். இரண்டாம் பகுதி ஐந்து எண்ணிக்கையில் ஓடும், வால்ட்ஸ் என்ற நடன இசை மாதிரியான ஒன்று. தக தகிட, தக தகிட என்று விரல் தானாகப் போட ஆரம்பித்துவிட்டது. மூன்றாம் பகுதி சலசலவென்று தொடங்கி, படையே அணிவகுத்து வருவது போல் வளர்ந்து, வெற்றி வெற்றி என்று முடிகிறது. ஆகா, முடிந்தது என்று ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். கச்சேரி அரங்குகளிலும் பலர் இந்த இடத்தில் கை தட்டிவிடுவார்கள் என்று பிற்பாடு படித்தேன். அவர்கள்மேல் தப்பே சொல்ல மாட்டேன். அப்படி ஒரு முடிவு அது. திரையைப் பார்த்தபோதுதான் இன்னும் ஒரு பகுதி பாக்கி இருப்பது தெரிந்தது.

மறுபடி மாட்டிக்கொண்டேன். 'அடாஜியோ லமெந்தோசோ', அதாவது புலம்பலாக, மெல்ல. அந்தக் காலத்தில் சிம்பொனி என்றால் கடைசிப் பகுதி விறுவிறுப்பாக, நிமிர்ந்து முடியவேண்டும். இவர் விறுவிறுப்பை மூன்றாவதிலேயே செலவழித்துவிட்டு ஒப்பாரியைக் கடைசியில் வைத்தார்.

ஆனால் எனக்குக் கேட்டது ஒப்பாரி மாதிரி இல்லை. ஏதோ நொண்டியது. ஒரு சுரம் காதோரத்தில் ஒலிக்கிறது, அடுத்த சுரம் யாரோ கதவுக்கு வெளியே நின்று வாசிப்பது போல் எட்டத்தில் கேட்கிறது, அடுத்தது மறுபடி காதோரம். பதிவிலேயே கோளாறு என்று நினைத்தேன். மறுநாள் தம்பியின் ஹெட்போனை வாங்கி இரண்டு காதிலும் கேட்டேன். ப ம க ரி ச என்று அழகாக இறங்கி வரும் மெட்டு. ஒரு குறையும் இல்லை. சரி என்று இடது பக்கத்தைக் கழற்றிவிட்டு வலது பக்கம் மட்டும் கேட்டேன். அங்கேயும் நொண்டல், ஆனால் மாற்றிப் போட்ட நொண்டல். நேற்று எட்டத்தில் இருந்த சுரங்கள் இன்றைக்குக் காதோரம்.

அதற்கப்புறம் தேடிப் படித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. அந்த மெட்டை யாருமே வாசிக்கவில்லை! சைகோவ்ஸ்கி அதைச் சுரம் சுரமாகப் பிய்த்து, ஒன்று முதல் வயலின்களுக்கு, அடுத்தது இரண்டாம் வயலின்களுக்கு என்று மாற்றி மாற்றிக் கொடுத்திருக்கிறார். ஒரு அணியை மட்டும் தனியே வாசிக்கச் சொன்னால் மேலும் கீழும் தாவும் சுரங்கள்தான் வரும், மெட்டு வராது. இரண்டையும் சேர்த்து மெட்டாக்குவது கேட்பவரின் மனசு. டயானா டாய்ச் என்ற உளவியலாளர் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். எந்தச் சுரம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதைவிட, எது எதற்குப் பக்கத்துச் சுரம் என்பதை வைத்தே நம் மனசு கோத்துக்கொள்கிறதாம்.

நான் அதிர்ஷ்டம் என்றது இதைத்தான். 19-ஆம் நூற்றாண்டில் முதல் வயலின்கள் மேடையின் இடப்பக்கமும் இரண்டாம் வயலின்கள் எதிரே வலப்பக்கமும் உட்காருவது வழக்கம். இப்போது பல இசைக்குழுக்களில் இரண்டு அணிகளும் இடப்பக்கத்திலேயே ஒட்டி உட்காருகின்றன. ம்ராவின்ஸ்கி 1938 முதல் 1988-ல் இறக்கும் வரை அரை நூற்றாண்டு லெனின்கிராட் இசைக்குழுவை வைத்திருந்தவர், வயலின்களைப் பழைய முறையில் எதிரெதிரேதான் உட்கார வைத்தார். வேறு பதிவாக இருந்திருந்தால் என் ஓட்டை ஹெட்போனில் இந்த நொண்டல் கேட்டிருக்கவே வாய்ப்பில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். பகுதியின் பிற்பாதியில் அதே மெட்டு திரும்பி வரும்போது முதல் வயலின்களே அதை முழுசாக வாசிக்கிறார்கள். தேம்பும்போது வார்த்தை துண்டு துண்டாக வரும், அழுது கொஞ்சம் அடங்கிய பிறகுதான் ஒரு வாக்கியமாகச் சொல்ல முடியும், இல்லையா? எனக்கு அப்படித்தான் படுகிறது.

ஒரு வாரம் இதே பைத்தியமாக இருந்தேன். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "அப்படி என்னதான் இருக்கு, குடு" என்று தம்பியின் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டார். அவர் பழைய சினிமாப் பாட்டு தவிர வேறு கேட்டவர் இல்லை. கடைசிப் பகுதியை மட்டும் போட்டேன். கண்ணை மூடி, நாற்காலிக் கையில் சாய்ந்து கேட்டார். முடிய இரண்டு மூன்று நிமிடம் இருக்கும்போது கண்ணைத் திறந்தார். "இதென்ன, சேகண்டி அடிக்கிறான்?" ஹெட்போன் போட்டிருந்ததால் சத்தமாகவே கேட்டார்.

நான் பத்து தடவைக்கு மேல் கேட்டிருப்பேன், அதைக் கவனித்ததில்லை. அவரிடமிருந்து வாங்கிக் கேட்டேன். இருந்தது. 'டாம்-டாம்' என்ற பெரிய வெண்கலத் தட்டில் ஒரே ஒரு மெல்லிய அடி. முழு சிம்பொனிக்கும் அந்த வாத்தியத்துக்கு அந்த ஒரு அடிதான். அது அதிர்ந்து அடங்குவதற்குள் ட்ராம்போன், டியூபா என்ற பித்தளை ஊது வாத்தியங்கள் மிகச் சன்னமாக, பிரார்த்தனை போல் நுழைகின்றன. எழவு வீட்டில் சங்குக்கு நடுவே சேகண்டி கேட்டு வளர்ந்த காது அப்பாவுக்கு. ஒருவரும் சொல்லிக்கொடுக்காமலே அது என்ன ஓசை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

முதல் பகுதியின் நடுவிலும் ரஷ்யத் திருச்சபையில் இறந்தவர்களுக்காகப் பாடும் 'புனிதர்களோடு இளைப்பாறச் செய்யும்' என்ற பாடலின் மெட்டு பித்தளை வாத்தியங்களில் வந்து போகிறது. ஆக, அப்பா கேட்டது சரியான இடம்தான்.

"எழுதினவர் என்ன ஆனார்?" என்றார். சொன்னேன். 1893 அக்டோபர் 28 அன்று பீட்டர்ஸ்பர்கில் அவரே நடத்தி அரங்கேற்றினார், ஒன்பதாம் நாள், நவம்பர் 6, இறந்துபோனார். காலரா என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "தெரிஞ்சு எழுதிருப்பாரோ?" என்றார்.

இந்தக் கேள்வியை நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த வருஷம் பிப்ரவரியில், பயணத்தின்போது மனசுக்குள் இதை அமைத்துக்கொண்டே பலமுறை அழுததாக தங்கை மகன் விளாதிமிர் தாவிதோவுக்கு எழுதியிருக்கிறார். இந்தச் சிம்பொனியைச் சமர்ப்பித்ததும் அவருக்குத்தான். அதே மனிதர், எழுதி முடித்ததும் தன் படைப்புகளிலேயே இதுதான் சிறந்தது என்று பெருமையோடு சொல்லியிருக்கிறார். 'பதேதிக்' என்றால் ஆங்கிலத்தில் பரிதாபம் என்று படும், ஆனால் ரஷ்ய மொழியில் இட்ட பெயரில் அது கிடையாது, உணர்ச்சிக் கொந்தளிப்பு என்ற பொருள்தான் தூக்கல். சாவைப் பற்றி இவ்வளவு திருத்தமாக, எந்தச் சுரம் எந்தப் பக்கம் என்பது வரை யோசித்து எழுத, வேலையில் முழு உயிரும் இருந்திருக்க வேண்டும். அப்பாவிடம் இதைச் சொன்னேன். தலையை ஆட்டினார், ஒத்துக்கொண்டாரா என்று தெரியவில்லை.

இப்போது ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் சில நாள் அவரே கேட்கிறார். "அந்தச் சேகண்டிப் பாட்டைப் போடும்மா." முழுசும் வேண்டாம், கடைசிப் பகுதி மட்டும். ஸ்பீக்கரில் மெதுவாக வைப்பேன். அந்த இடம் நெருங்கும்போது வலது கை ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காத்திருப்பார். அடி விழுந்ததும் விரல் இறங்கும். அப்புறம் செல்லோக்களும் பேஸ்களும் தேய்ந்து தேய்ந்து, மின்விசிறிச் சத்தம் மட்டும் மிஞ்சும்வரை இருவரும் பேசுவதில்லை.