துப்பைக் காட்டவும் வேண்டும், துருத்திக்கொண்டு தெரியவும் கூடாது. எப்படி எடுப்பது?

அல்சூர்வாசி:
வணக்கம். பெங்களூர் அல்சூரில் எங்கள் தெருவிலேயே ஒரு பழைய ஓட்டு வீட்டில் குறும்படம் எடுக்கப்போகிறோம். கொலைக் கதை. தனியாக வாழும் தாத்தா, தினமும் படுக்கப்போகும் முன் கேட்டில் ஒரு துணிப்பையை மாட்டிவைப்பார். விடிகாலையில் பையன் நந்தினி பால் பாக்கெட்டை அதில் போட்டுவிட்டுப் போவான். ஒருநாள் நடுராத்திரி தாத்தா கொல்லப்படுகிறார். "மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் வந்தேன், வந்து பார்த்தால் இப்படி" என்கிறான் மருமகன். ஆனால் பால் பை சமையலறை ஆணியில் தொங்குகிறது. கேட்டிலேயே இருந்தால் அக்கம்பக்கத்தில் கேள்வி வரும் என்று அவனே உள்ளே எடுத்து வைத்தது.

கேமராமேன் பைக்கு ஒரு குளோஸப் கட்டாயம் வேண்டும் என்கிறார். வைத்தால் அப்போதே குட்டு உடைந்துவிடுமே? வைக்காவிட்டால் நாங்கள் ஏமாற்றினோம் என்பார்கள். என்ன செய்யலாம்?

கத்திரிக்கோல்:
குளோஸப் வேண்டவே வேண்டாம். அது "இதைப் பார்" என்று விரல் நீட்டுகிற வேலை. அறை முழுவதும் தெரிகிற வைட் ஷாட்டில் வை. ஆனால் வெறும் சமையலறையை நாலைந்து நொடி சும்மா காட்டினாலும் கண் மூலைமுடுக்கெல்லாம் தேட ஆரம்பித்துவிடும். கண் முதலில் போவது முகத்துக்கும் அசைவுக்கும்தான். அதனால் தாத்தாவின் மகள் அங்கே நின்று அழட்டும். தண்ணீர் குடிக்க டம்ளரை எடுக்கும்போது அவள் கை பட்டுப் பை லேசாக ஆடட்டும். ஷாட் அவள் முகத்தில் முடிய வேண்டும், பையில் அல்ல. அடுத்த ஷாட்டுக்கு மாறும் முன் கடைசியாகப் பார்த்ததுதான் மனதில் நிற்கும்.

முதல் நிமிடத்திலேயே தாத்தா பையை மாட்டுவதைப் போகிறபோக்கில் காட்டிவிடு. நிறையப் பேர் போனில்தான் பார்ப்பார்கள். வெளுத்த மஞ்சள் பை சுண்ணாம்புச் சுவரில் காணாமல் போய்விடும், பச்சைக் கட்டம் போட்ட பையாக வாங்கு.

பூம்_மைக்:
பை தெரிகிற இடத்தில் இசையமைப்பாளர் ஒரு 'டங்' வைத்தால் எல்லாம் போச்சு, இப்போதே சொல்லிவையுங்கள். அப்புறம், கேட்டுக் கொக்கியின் சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்யுங்கள். கொலை ராத்திரி முடிந்து திரை இருட்டாக இருக்கும்போது காகம், சைக்கிள், பள்ளிவாசல் பாங்கு, இவற்றுக்கு நடுவே அந்தக் கொக்கிச் சத்தம் ஒரே ஒருமுறை கேட்கட்டும். திறந்தது யார் என்று காட்ட வேண்டாம்.

காக்ஸ்டவுன் ரசிகன்:
தம்பி, பையைவிட எனக்குக் கவலை மருமகனின் வாக்குமூலம். அதை ஃப்ளாஷ்பேக்காக எடுப்பதாக இருந்தால் ரொம்ப ஜாக்கிரதை. எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' (1954), பாட்டே இல்லாத படம், அதில் கொலையை விசாரிக்கும்போது ஒவ்வொருவரும் இன்னொருவர் மேல் சந்தேகத்தைத் திருப்புவார்கள். சொல்வது யார் என்று தெரிந்தேதான் நாம் பார்க்கிறோம். ஹிட்ச்காக் 'ஸ்டேஜ் ஃப்ரைட்'டில் (1950) ஒரு பொய்யை அப்படியே ஃப்ளாஷ்பேக்காகக் காட்டினார்; அதைச் செய்திருக்கவே கூடாது என்று பின்னால் பிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோவிடம் அவரே சொன்னார். ஆள் பொய் சொன்னால் தாங்கிக்கொள்வோம், கேமரா சொன்னால் மனசு விட்டுப்போகும்.

என் யோசனை: வாய் பொய் சொல்லட்டும், படம் உண்மையைக் காட்டட்டும். அவன் நிஜமாக வந்தது முந்தின நாள் சாயங்காலம்தானே? "பன்னிரண்டு மணிக்கு வந்தேன்" என்று குரல் ஓடும்போது, அந்தச் சாயங்காலம் அவன் கேட்டைத் திறப்பதையே காட்டுங்கள். உச்சிவெயிலில் நிழல் காலடியில் சுருண்டு கிடக்கும். இங்கே நீளமாக, மதில்வரை விழட்டும். கவனிக்கிறவர் கவனிக்கட்டும்.

அல்சூர்வாசி:
ஐயா, இது எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை! தெரு கிழக்கு மேற்காக ஓடுகிறது, சாயங்கால வெயில் நேராக விழும். ஐந்து மணிக்கே போய் நின்றுவிடுகிறோம். கடைசியில் இன்ஸ்பெக்டர் விளக்கும்போது இந்த ஷாட்களைத் திரும்பக் காட்டலாமா?

கத்திரிக்கோல்:
தாராளமாக. ஆனால் அதே ஷாட்டைத்தான் போட வேண்டும். பைக்கு அப்போது புதிதாக ஒரு குளோஸப் எடுத்து ஒட்டினால், "இதை முன்னால் காட்டவே இல்லையே" என்பார்கள். கேமராமேன் ரொம்பக் கேட்டால் பழைய ஷாட்டையே எடிட்டில் கொஞ்சம் பெரிதாக்கிக்கொள்ளலாம். அதற்காகவே அந்த வைட் ஷாட்டை மட்டும், பெரிதாக்கினாலும் மங்காமல் இருக்க, 4கே-யில் எடுத்துவிடு.