போனிலிருந்து நீக்கிய கணக்கு ஆப், கூகுள் டிரைவில் இன்னும் இடம் பிடித்திருக்கிறது: எப்படி எடுப்பது?

மூணாறுத்தலைப்பு (கேள்வி)

வணக்கம். நீடாமங்கலம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன், அப்பாவின் போன் விஷயம். அவருடைய கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபியும் நிரம்பிவிட்டது என்று கொஞ்ச நாளாகவே சிவப்பில் காட்டிக்கொண்டிருந்தது, அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நேற்று டிராக்டர் இன்சூரன்ஸ் பார்க்கிறவர் போன் செய்து, பாலிசியை மெயிலில் அனுப்பினால் திரும்பி வருகிறது என்றார். அதற்கப்புறம்தான் உட்கார்ந்து பார்த்தேன்.

டிரைவைத் திறந்தால் சிட்டா, அடங்கல் ஸ்கேன், டிராக்டர் ஆர்சி புத்தகம், பழைய கிரயப் பத்திரம் என்று சில கோப்புகள்தான் இருக்கின்றன. எல்லாம் சேர்த்து 200 எம்பி கூட வராது. போட்டோஸ் 4 ஜிபிக்கு மேல், ஜிமெயில் ஒரு ஜிபி. மீதி எங்கே போனது?

எனக்குச் சந்தேகம் ஒரு ஆப் மீது. எங்களிடம் பெல்ட் வைத்த அறுப்பு மிஷின் ஒன்று வாடகைக்கு ஓடுகிறது. யார் வயலில் எத்தனை மணி நேரம் ஓடியது, எவ்வளவு கொடுத்தார்கள், எவ்வளவு பாக்கி என்பதையெல்லாம் அப்பா ஒரு கணக்கு ஆப்பில் எழுதிவைப்பார், டீசல் பில்லையும் அதிலேயே படம் எடுத்துச் சேர்ப்பார். போன சம்பா அறுவடை முடிந்ததும் அதைப் போனிலிருந்து நீக்கிவிட்டு வேறு ஒன்றுக்கு மாறிவிட்டார். அந்தப் பழைய ஆப்பின் டேட்டா இன்னும் மேலே, கூகுள் கணக்கில், உட்கார்ந்திருக்குமா? இருந்தால் கண்ணுக்கு ஏன் தெரியவில்லை? எப்படி அழிப்பது? இல்லை, பேசாமல் காசு கட்டி இடத்தைக் கூட்டிவிடலாமா?

குடந்தைக்காரன்

நிச்சயம் இருக்கும். போனில் ஆப்பை நீக்கினால் போனில்தான் போகும், டிரைவில் அது எழுதிவைத்தது அப்படியே கிடக்கும். கம்ப்யூட்டரில் டிரைவைத் திறந்து, மேலே பல்சக்கரம் மாதிரி இருப்பதை அழுத்தி செட்டிங்ஸ் போனால் இடது பக்கம் 'மேனேஜ் ஆப்ஸ்' இருக்கும். அதில் அந்த ஆப்பின் பெயருக்கு நேரே 'ஆப்ஷன்ஸ்', அதற்குள் 'டிலீட் ஹிட்டன் ஆப் டேட்டா'. அழுத்தினால் வேலை முடிந்தது. போனில் இருக்கும் டிரைவ் ஆப்பில் இந்த இடம் கிடையாது, வீணாகத் தேட வேண்டாம். கம்ப்யூட்டர் இல்லையென்றால் குரோமில் 'டெஸ்க்டாப் சைட்' போட்டுத் திறந்து பாருங்கள்.

ஒரத்தநாட்டு அக்கா

தம்பி, அவசரப்பட்டு இப்போதே அழுத்திவிடாதீர்கள். குடந்தைக்காரர் சொன்ன வழி சரியான வழிதான், ஆனால் அது கடைசியில் செய்ய வேண்டியது.

ஒரு ஆப் டிரைவில் இரண்டு விதமாகப் பொருளை வைக்கலாம். ஒன்று, எல்லோருக்கும் தெரிகிற 'மை டிரைவ்' பகுதியில் சாதாரணக் கோப்பாக. இன்னொன்று, அந்த ஆப் மட்டுமே திறக்கக்கூடிய மறைவான ஒரு ஃபோல்டரில். இரண்டாவது வகையை நீங்கள் பார்க்க முடியாது, தரவிறக்க முடியாது, உள்ளே என்ன இருக்கிறது என்றும் தெரியாது. ஆனால் அதுவும் உங்கள் 15 ஜிபியில்தான் கணக்கு. கண்ணுக்குத் தெரியாததற்குக் காரணம் இதுதான்.

இப்போது முக்கியமான விஷயம். இந்த மறைவான டேட்டாவை அழித்தால் அது குப்பைத்தொட்டிக்குப் போகாது. மற்ற கோப்பு என்றால் டிராஷில் 30 நாள் கிடக்கும், மனம் மாறினால் எடுத்துக்கொள்ளலாம். இதற்கு அந்த வசதி இல்லை, போனால் போனதுதான். உங்கள் அப்பா போனிலிருந்து ஆப்பை நீக்கிவிட்டார் என்கிறீர்கள், அப்படியானால் அந்த மணிக்கணக்குக்கு உலகத்தில் மிச்சம் இருக்கும் ஒரே பிரதி இதுவாக இருக்கலாம். பாக்கி வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் ஊர்க்காரர்கள், சொந்தக்காரர்கள். கையில் கணக்கு இல்லாமல் போய்க் கேட்டால் பணத்தோடு உறவும் கெடும். அப்பாவிடம் முதலில் கேளுங்கள்: புது ஆப்புக்கு மாறியபோது பழைய பாக்கியையெல்லாம் அதில் ஏற்றினாரா, அல்லது நோட்டிலாவது எழுதினாரா?

ஏற்றவில்லை என்றால் பழைய ஆப்பை மறுபடி போனில் போட்டு, அதே கூகுள் கணக்கில் நுழைந்து, 'ரீஸ்டோர்' கொடுத்து, எல்லாக் கணக்கையும் பிடிஎஃப் ஆகவோ எக்செல் ஆகவோ வெளியே எடுங்கள். அதைத் திறந்து கண்ணால் பாருங்கள், பெயர், தேதி, மணி, தொகை எல்லாம் இருக்கிறதா என்று. அப்புறம் ஆப்பின் உள்ளேயே போய் ஆட்டோ பேக்கப்பை நிறுத்துங்கள். அதை நிறுத்தாமல் மேலே அழிப்பது, மதகை அடைக்காமல் வயலில் தண்ணீர் இறைக்கிற வேலை. ராத்திரியே மறுபடி ஏற்றிவிடும். இதெல்லாம் ஆனபிறகு குடந்தைக்காரர் சொன்னதைச் செய்யுங்கள். அதே இடத்தில் 'டிஸ்கனெக்ட் ஃப்ரம் டிரைவ்' என்றும் ஒன்று இருக்கும், அதையும் கொடுத்துவிட்டால் அந்த ஆப்புக்கும் உங்கள் டிரைவுக்கும் தொடர்பு அறுந்துவிடும். ஆனால் 'மை டிரைவ்'வில் அது சாதாரணக் கோப்பாக எதையாவது போட்டு வைத்திருந்தால் அது தானாகப் போகாது, தேடி எடுத்துத்தான் அழிக்க வேண்டும்.

காசு கட்டுவது பற்றி: தேவைப்பட்டால் கட்டலாம், தப்பில்லை. ஆனால் என்ன அடைத்துக்கொண்டிருக்கிறது என்று தெரியாமல் கட்டினால் அதுவும் நிரம்பும். அதற்காக அப்படியே விட்டுவிடவும் கூடாது. அளவைத் தாண்டிய நிலையிலேயே 2 வருடம் இருந்தால் உள்ளே இருப்பதை நீக்க கூகுளுக்கு உரிமை உண்டு என்பது 2021 ஜூன் 1 முதல் இருக்கிற விதி.

மூணாறுத்தலைப்பு

ரொம்ப நன்றி அக்கா. அப்பாவிடம் கேட்டேன். புது ஆப்பில் இந்தக் குறுவையிலிருந்துதான் எழுதியிருக்கிறார். பழைய பாக்கி எதுவும் ஏற்றவில்லை. நோட்டு ஒன்று இருக்கிறது, அதில் பாதிதான் எழுதியிருக்கிறது. பெரும்பண்ணையூர் பக்கம் ஒரு வேலி நிலத்துக்கு மேல் அறுத்த கணக்கே அதில் காணோம்.

மேனேஜ் ஆப்ஸ் போய்ப் பார்த்தேன், அந்த ஆப்பின் கீழே மறைவான டேட்டா 2 ஜிபிக்கு மேல் காட்டுகிறது. சரி என்று ஆப்பை மறுபடி போட்டு ரீஸ்டோர் கொடுத்தால் 'பேக்கப் எதுவும் இல்லை' என்கிறது. மேலே 2 ஜிபி காட்டுகிறதே, அது எப்படி இல்லாமல் போகும்?

குடந்தைக்காரன்

அப்பா போனில் எத்தனை கூகுள் கணக்கு இருக்கிறது? போன் வாங்கும்போது கடையில் ஒன்று போட்டுக் கொடுத்திருப்பார்கள், நீங்கள் ஒன்று போட்டிருப்பீர்கள். ஆப் திறந்ததும் முதலில் நிற்கிற கணக்கையே எடுத்துக்கொள்ளும். மேனேஜ் ஆப்ஸ் எந்த மெயில் முகவரியில் திறந்து பார்த்தீர்களோ அதே முகவரியை ஆப்பில் தேர்ந்தெடுங்கள். வைஃபையில் வைத்துச் செய்யுங்கள், 2 ஜிபி இறங்க வேண்டும். போனில் அந்த அளவுக்கு இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நாகை மீனவன் மகன்

மேலே எல்லோரும் கணக்கு ஆப்பையே பேசிக்கொண்டிருக்கிறோம். போட்டோஸ் 4, மெயில் 1, மறைவானது 2 என்று வைத்தாலும் 7தான் வருகிறது. மீதி 8 ஜிபி வாட்ஸப் பேக்கப் என்று நினைக்கிறேன்.

ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸப் பேக்கப் முன்பு கூகுள் அளவில் சேராமல் இருந்தது. 2024இலிருந்து அதையும் 15 ஜிபிக்குள் கணக்கெடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அதுவரை சும்மா கிடந்தது திடீரென்று எடை கூடினது பல பேருக்கு அதனால்தான். டிரைவ் ஆப்பில் மூன்று கோடு இருக்கிற மெனுவைத் திறந்து 'பேக்கப்ஸ்' போனால் எவ்வளவு என்று தெரியும். அங்கே எத்தனை வாட்ஸப் பேக்கப் இருக்கிறது என்று பாருங்கள். எண் மாற்றியிருந்தால் பழைய எண்ணுடையது தனியாக நிற்கும்.

பழைய எண்ணின் பேக்கப்பை, அதிலிருந்து எதுவும் வேண்டாம் என்று உறுதியானால் மூன்று புள்ளியை அழுத்தி நீக்கிவிடலாம். இப்போது ஓடுகிற எண்ணுடையதை நீக்க வேண்டாம், அதை மெலிய வைத்தால் போதும். வாட்ஸப்பில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா', அதில் 'மேனேஜ் ஸ்டோரேஜ்' போங்கள். 5 எம்பிக்கு மேற்பட்டவை தனியாகவும், பல முறை ஃபார்வர்டு ஆனவை தனியாகவும் நிற்கும். விவசாய குரூப், சொந்தக்காரர் குரூப், கோவில் திருவிழா குரூப் என்று ஒவ்வொன்றிலும் வந்து விழுந்த வீடியோவெல்லாம் அங்கே அளவு வாரியாக அடுக்கியிருக்கும். வேண்டாததை அழித்துவிட்டு, 'சாட் பேக்கப்' பக்கத்தில் 'இன்க்ளூட் வீடியோஸ்' அணைத்துவிட்டு, ஒரு முறை கையால் பேக்கப் கொடுங்கள். புதிது பழையதன் மேல் எழுதிவிடும், அளவு இறங்கும். ஒன்று மட்டும்: வீடியோவை அணைத்தபிறகு வீடியோக்களுக்கு மேலே பிரதி இருக்காது. வெள்ளம் வந்தபோது வயலை எடுத்த வீடியோ மாதிரி முக்கியமானது இருந்தால் முன்பே ஒரு பென்டிரைவில் எடுத்து வையுங்கள்.

ஒரத்தநாட்டு அக்கா

நாகைத் தம்பி சொன்னது சரி. போட்டோஸிலும் கை வைப்பீர்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கூகுள் போட்டோஸ் ஆப்பில் ஒரு படத்தை அழித்தால், மேலே மட்டும் போகும், போனில் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு செய்கிறவர்கள் அதிகம். இரண்டு இடத்திலும் போய்விடும். 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்று ஒன்று இருக்கிறதே, அது நேர் எதிர்: போனில் இருப்பதை நீக்கிவிட்டு மேலே இருப்பதை வைத்துக்கொள்ளும். அதனால் உங்கள் 15 ஜிபியில் ஒரு துளியும் குறையாது. பயிர்க் காப்பீட்டுக்கு எடுத்த சாய்ந்த கதிர்ப் படம், கொள்முதல் நிலையத்து வாசலில் சிப்பம் நனைந்த படம், இதெல்லாம் எப்போது யார் கேட்பார்கள் என்று சொல்ல முடியாது. அவற்றைத் தொடாமல் இடம் குறைக்க வழி இருக்கிறது. போட்டோஸை கம்ப்யூட்டரில் திறந்து செட்டிங்ஸில் 'ரெகவர் ஸ்டோரேஜ்' கொடுத்தால், முழு அளவில் ஏறியதையெல்லாம் சுருக்கிவிடும். 16 மெகாபிக்சலுக்கு மேல் இருப்பது அந்த அளவுக்கு இறங்கும், அப்பா போன் படத்துக்கு அது தாராளம். சுருக்கியதை மறுபடி பெரிதாக்க முடியாது என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

மன்னை டீச்சர்

இடையில் கேட்கிறேன், ஐபோனுக்கும் இதே வழியா? மகளுடையதும் நிரம்பிவிட்டது.

குடந்தைக்காரன்

இல்லை டீச்சர், அது ஐகிளவுட், இலவசம் 5 ஜிபிதான். செட்டிங்ஸில் மேலே அவர் பெயரை அழுத்தி ஐகிளவுட் போய், அதில் ஸ்டோரேஜ் பக்கத்தைத் திறந்தால் ஒவ்வொரு ஆப்பும் எவ்வளவு பிடித்திருக்கிறது என்று வரிசையாக வரும், அங்கேயே அழிக்கலாம். அதிலும் முதலில் பிரதி எடுப்பது, பிறகு அழிப்பது என்ற வரிசைதான்.

மூணாறுத்தலைப்பு

கணக்கு கிடைத்துவிட்டது! குடந்தை அண்ணன் சொன்னதுதான் விஷயம், ஆப் வேறு மெயிலில் நுழைந்திருந்தது. சரியான முகவரியைக் கொடுத்ததும் வைஃபையில் மெதுவாக இறங்கி எல்லாம் வந்துவிட்டது. எக்செல்லில் எடுத்து அப்பாவுக்குப் பெரிய எழுத்தில் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். வரிசையாக விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்து, பெரும்பண்ணையூர் பெயர் வந்ததும் பேனாவால் கோடு போட்டார். அதன்பிறகுதான் ஆட்டோ பேக்கப்பை நிறுத்தி, மேலே இருந்ததை அழித்து, டிஸ்கனெக்ட்டும் கொடுத்தேன்.

வாட்ஸப் பற்றி நாகை நண்பர் சொன்னதும் அப்படியே. பழைய எண்ணின் பேக்கப் மட்டும் 3 ஜிபிக்கு மேல் கிடந்தது. அதில் அப்பாவுக்கு வேண்டியது எதுவும் இல்லை என்று கேட்டுக்கொண்டு நீக்கிவிட்டேன். வீடியோக்களை இன்று இரவு அவரோடு உட்கார்ந்து பார்த்து அழிக்கப் போகிறேன்.

ஆனால் ஸ்டோரேஜ் அளவுப் பக்கத்தில் இன்னும் பழைய ஜிபி அளவே காட்டுகிறது. அப்புறம் இன்சூரன்ஸ் மெயில், இடம் கிடைத்ததும் தானாக வந்துவிடுமா?

ஒரத்தநாட்டு அக்கா

அளவு குறைய ஒரு நாள் வரை ஆகலாம், பதறி வேறு எதையும் அழிக்க வேண்டாம். அதற்குள் ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றிலும் டிராஷைத் தனித்தனியாகக் காலி செய்யுங்கள். தொட்டியில் கிடப்பதும் அளவில்தான் சேரும், போட்டோஸில் 60 நாள் வரை கிடக்கும். காலி செய்வதற்கு முன் உள்ளே ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.

அனுப்பியவருக்கே திரும்பிப் போன மெயில் தானாக வராது. இன்சூரன்ஸ்காரரிடம் மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். அடைத்திருந்த நாட்களில் வங்கியோ கூட்டுறவு சங்கமோ வேறு யாராவது எழுதியிருக்கக்கூடும் என்றால் அவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.