வில்ட்ஷயரில் கார் இல்லாமல் மூன்று நாள்: ஏவ்பரி, ஸ்டோன்ஹெஞ்ச், சால்ஸ்பரி

ரோஸ்ஹில்_நடை:
வணக்கம். ஏப்ரல் நடுவில் இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் மூன்று முழு நாள் இருக்கிறது. கூட அம்மாவும் வருகிறார், வயது 66. எங்கள் மொரீஷியஸின் லே பூஸ் மலையில் பாதி வரை ஏறிவிடுவார், செங்குத்தான இறக்கம்தான் ஆகாது. கார் எடுக்கப் போவதில்லை. பழங்காலக் கல்வட்டம் உள்ள ஏவ்பரியை அரை நாளில் முடிக்கலாமா? வயல் நடுவே பாதை போவதாக வரைபடம் காட்டுகிறதே, அதில் நடக்க அனுமதி உண்டா?

மோக்கா_வழி:
அரை நாள் போதாது. ஸ்டோன்ஹெஞ்சுக்கு வைத்த நேரத்தில் கொஞ்சம் எடுத்து ஏவ்பரிக்குக் கொடுங்கள். இங்கே வேலி இல்லை, நுழைவுக் கட்டணம் இல்லை, கல்லைத் தொட்டுப் பார்க்கலாம். கல்வட்டத்துக்குள்ளேயே ஊரும் இருக்கிறது. லண்டன் பாடிங்டனிலிருந்து ஸ்விண்டனுக்கு ரயிலில் சுமார் ஒரு மணி நேரம், அங்கிருந்து டிவைசஸ் போகும் 49ஆம் எண் பஸ். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை முதலிலேயே பார்த்துவிட்டு நடையைத் திட்டமிடுங்கள்.

முழுச் சுற்று சுமார் 10 கி.மீ., நிதானமாக நான்கு மணி நேரம். ஊரின் தெற்கு வாசலிலிருந்து வெஸ்ட் கென்னட் கல்வரிசை வழியே போங்கள். உயர்ந்து மெலிந்த கல்லும் அகன்ற சாய்சதுரக் கல்லும் எதிரெதிரே நிற்பதைக் கவனியுங்கள். இடையிடையே குட்டையான கான்கிரீட் தூண்கள் வரும். காணாமல்போன கற்களின் இடத்தைத் தொல்லியலாளர் அலெக்சாண்டர் கெய்லர் 1930களில் அப்படித்தான் குறித்து வைத்தார். பழைய கற்கள் பலவற்றை 17, 18ஆம் நூற்றாண்டுகளில் நெருப்பில் சுட்டு, தண்ணீர் ஊற்றி, சம்மட்டியால் உடைத்து வீடு கட்ட எடுத்துக்கொண்டார்கள். அதைத் தெரிந்துகொண்டு ஊர்ச் சுவர்களைப் பார்த்தால் மனசு கனக்கும்.

பிறகு ஓவர்டன் மேட்டில் சாங்க்சுவரி, பழைய மர, கல் வட்டங்கள் நின்ற இடம். 139 கி.மீ. நீளமுள்ள ரிட்ஜ்வே நடைபாதை தொடங்கும் இடமும் அதுதான். அங்கிருந்து கிழக்கு கென்னட் ஊர் வழியாக வெஸ்ட் கென்னட் நெடுங்கல்லறை. கி.மு. 3650 வாக்கில் கட்டியது, சுமார் 100 மீட்டர் நீளம், உள்ளே கல்லால் ஆன ஐந்து அறைகள். டார்ச் கொண்டு போங்கள். திரும்பும்போது ஏ4 சாலையைக் கடக்க வேண்டும், கார்கள் சீறிக்கொண்டு வரும், கவனம். அம்மாவுக்கு நீளம் அதிகமாகத் தோன்றினால் கல்வரிசை வரை போய்த் திரும்புங்கள், அதுவே நிறைவாக இருக்கும்.

காத்ர்போர்ன்_வரைபடம்:
வயல் பாதையில் தயங்காமல் நடக்கலாம். அது பொது உரிமைப் பாதை, நிலம் தனியாருடையதாக இருந்தாலும் வழி எல்லோருக்கும் உரியது. நம் ஊர்க் கரும்புத் தோட்டப் பழக்கத்தில் பயிரை மிதிக்கக் கூடாதென்று ஓரமாகச் சுற்றிப் போகத் தோன்றும். அங்கே வரைபடம் நடுவே கோடு போட்டிருந்தால் நடுவேதான் போக வேண்டும், ஓரத்தில் உங்களுக்கு உரிமை இல்லை. உழுத நிலத்தின் குறுக்கே நடைபாதையைக் குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்கு விவசாயி சரிசெய்து தர வேண்டும் என்பது சட்டம். வழிக்குறிகளில் மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கு. நீல அம்புள்ள பாதையில் குதிரையும் சைக்கிளும் வரும். வரைபடம் வாங்கினால், ஆர்ட்னன்ஸ் சர்வே எக்ஸ்ப்ளோரர் 157 ஏவ்பரிக்கு, 130 ஸ்டோன்ஹெஞ்சுக்கும் சால்ஸ்பரிக்கும். கன்றோடு நிற்கும் பசுவுக்கும் கன்றுக்கும் நடுவே மட்டும் போகாதீர்கள்.

உயரத்துக்குப் பயப்பட வேண்டாம், மாவட்டத்தின் உச்சியே 295 மீட்டர்தான். தொல்லை தருவது சேறு. அடியில் இருப்பது சுண்ணப்பாறை. நனைந்தால் சோப்பு மாதிரி வழுக்கும், அடிப்பாகத்தில் அப்பிக்கொண்டு ஷூவின் வரிகளையெல்லாம் அடைத்துவிடும். ஆழமான வரி உள்ள, கணுக்கால் மூடும் ஷூ போடுங்கள், குச்சியால் அவ்வப்போது சுரண்டுங்கள். இன்னொன்று: அந்தப் பாறை குளிர்கால மழையைக் குடித்து மெதுவாக ஊற்றாக விடும். அதனால் மழை விட்டும் தூவானம் விடவில்லை என்ற கதைதான். வானம் வெளுத்திருந்தாலும் ஏவ்பரிக்கு அருகே உள்ள சில்பரி குன்றின் பக்கத்துப் பாதை ஏப்ரலிலும் தண்ணீரில் நிற்கக்கூடும். மாற்று சாக்ஸ் இரண்டு ஜோடி வையுங்கள். சூரியன் எட்டு மணிக்குத்தான் மறையும், வெளிச்சத்துக்குக் குறைவில்லை.

மோக்கா_வழி:
ஸ்டோன்ஹெஞ்சுக்கு நேரம் குறித்த டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுங்கள். சால்ஸ்பரி ரயில் நிலையத்திலிருந்து சுற்றுலா பஸ் உண்டு. பார்வையாளர் மையத்திலிருந்து கற்கள் 2 கி.மீ.க்குச் சற்று மேல். போகும்போது நடந்து, திரும்பும்போது அவர்களுடைய பஸ்ஸில் வாருங்கள். புல்வெளி விரிந்து கற்கள் சிறிதிலிருந்து பெரிதாவதை நடந்தால்தான் பார்க்க முடியும். உள்வட்டத்துக்குப் பகலில் விடமாட்டார்கள், திறப்பதற்கு முன்னும் மூடிய பின்னும் தனி டிக்கெட்.

சால்ஸ்பரி பேராலயத்தில் மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு வைத்த 1215ஆம் ஆண்டுச் சாசனமான மாக்னா கார்ட்டாவின் எஞ்சிய நான்கு மூலப் பிரதிகளில் ஒன்று இருக்கிறது. கோபுரச் சுற்று 332 படி, திருகுப் படிக்கட்டு. அம்மாவை அதில் ஏற்ற வேண்டாம். அதற்குப் பதில் பழைய ஊரான ஓல்ட் சாரம், சுமார் 3 கி.மீ., பெரும்பாலும் சமதளம்.

ரோஸ்ஹில்_நடை:
மிக்க நன்றி. சில்பரி குன்றின் மேல் ஏறலாமா?

காத்ர்போர்ன்_வரைபடம்:
கூடாது. அது மனிதர் கையால் குவித்த மேடு, கி.மு. 2400 வாக்கில். 1776இல் உச்சியிலிருந்து அடி வரை குழி தோண்டிப் பார்த்தார்கள். அந்தக் குழி 2000ஆம் ஆண்டு உள்வாங்கிச் சரிந்தது, பின்பு உள்ளே புகுந்து நிரப்ப வேண்டியதாயிற்று. கால்பட்டாலும் சரிவு தேயும். ஏ4 ஓரத்திலிருந்தோ நெடுங்கல்லறை மேட்டிலிருந்தோ பாருங்கள், முழு உருவமும் தெரியும்.