நற்செய்திப் பணித்தளத்தில் எதிர்ப்பு: மனதை விட்டு அகலாத ஒரு சம்பவத்தைப் பகிருங்கள்

பஸ்தர் ஊழியன்
சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதியில் கிறிஸ்தவரானவர்களுக்கு அடக்கத்துக்கு ஊரில் இடம் மறுப்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த பிரச்சினை, அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் சபைப் பெரியவர் ஒருவர் இறந்துபோனார். ஊர்ச் சுடுகாடும் கிடையாது, சொந்த வயலிலும் கூடாது, குடும்பம் பழைய வழிபாட்டுக்குத் திரும்பினால் புதைக்கலாம் என்று ஊர்க்காரர்கள் வாசலை மறித்து நின்றார்கள். மகன், "அப்பா கடைசி வரை விடாததை நானும் விடமாட்டேன்" என்றான், அவ்வளவுதான். முன்னால் நின்று சத்தம் போட்டவர் இறந்தவரின் கூடப்பிறந்த தம்பி. கடைசியில் வெளியூர்க் கிறிஸ்தவக் கல்லறைக்குக் கொண்டுபோவது என்று முடிவானது. டிராக்டரில் ஏற்றும்போது போர்வை விலகி ஒரு பாதம் வெளியே தெரிந்தது. அந்தத் தம்பி, கத்துவதை நிறுத்தாமலே குனிந்து, போர்வையை இழுத்துப் பாதத்தை மூடி, ஓரத்தைக் குதிகாலுக்கு அடியில் செருகினார். அப்புறம் நிமிர்ந்து மறுபடி எங்களைத் திட்டினார். அந்தக் கையை என்னால் மறக்க முடியவில்லை.

ஆரல்வாய்மொழிக்காரி
அண்ணே, படித்ததும் மனசு கனத்துவிட்டது. ஆனாலும் கேட்கிறேன், ஏன் டிராக்டரில் ஏற்றினீர்கள்? அவர் உழுத மண்ணில் அவருக்கு ஆறடி இல்லையா? திருவிதாங்கூரில் இந்துவாக இருந்து கிறிஸ்தவரான எங்கள் புனிதர் தேவசகாயத்திடமும் பழைய மதத்துக்குத் திரும்பி வந்தால் விட்டுவிடுகிறோம் என்றுதான் சொன்னார்கள். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் வாங்கியவர். எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக அடித்துக் கொண்டுபோனார்கள், புண்ணில் மிளகாய்ப்பொடி தடவினார்கள். அசையவில்லை. 1752 ஜனவரி 14 அன்று எங்கள் ஊர்க் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள்.

என் சம்பவமும் அதே மலையில்தான். எங்கள் தெருவில் சப்பரம் போகக்கூடாது என்று ஒருமுறை கட்டையைக் குறுக்கே போட்டவர் ஒருவர் உண்டு. 2022 மே மாதம் தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம் கொடுத்த சமயம் அந்த ஆளை மலையில் பார்த்தேன். பேத்தியைத் தூக்கிப் பிடித்து, அவள் கையில் சின்னக் கல்லைக் கொடுத்து, தட்டினால் மணி போல ஒலிக்கும் மணியடிச்சான் பாறையைத் தட்ட வைத்துக்கொண்டிருந்தார். பிள்ளைக்கு என்ன நோயோ, தலையில் முடி இல்லை. என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பவில்லை. "இன்னும் பலமாத் தட்டு மக்கா" என்று அவளிடம் சொன்னார்.

நர்ஸ் அக்கா
ஆரல்வாய்மொழித் தங்கச்சி, பிணத்தை வைத்துக்கொண்டு நிற்கும் குடும்பத்திடம் தேவசகாயத்தின் உறுதியைக் கேட்பது சரியில்லை. விட்டுக்கொடுப்பது வேறு, மறுதலிப்பது வேறு. அந்த மகன் மறுதலிக்கவில்லையே.

நான் ஒடிசாவில் வேலை பார்த்தபோது பாரிபதா தொழுநோய் இல்லத்துக்குப் போயிருக்கிறேன். 1999 ஜனவரியில் மனோகர்பூரில், அந்த இல்லத்தை நடத்திய ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸையும் அவர் மகன்கள் 10 வயது பிலிப்பையும் 6 வயது திமோத்தியையும் ஜீப்போடு எரித்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கிருந்த ஒரு முதியவரிடம் அந்த நாளைப் பற்றிக் கேட்டேன். பதில் சொல்லவில்லை. விரல்கள் கரைந்த கையால் என் நனைந்த குடையை வாங்கி, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து உருட்டி உருட்டிச் சுருட்டி ஓரமாக வைத்தார். "சாப்பிட்டியாம்மா?" என்றார். ஸ்டெயின்ஸின் மனைவி கிளாடிஸ் அம்மா மன்னித்தேன் என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகும் 2004 வரை இவர்களோடுதான் இருந்தார். அவர் மன்னித்ததற்காக வழக்கு நிற்கவில்லை. முக்கியக் குற்றவாளி தாரா சிங்கின் ஆயுள் தண்டனையை 2011இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மன்னிப்பும் சட்டமும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ள வேண்டியதில்லை.

சட்டம் படித்த சகோதரன்
என் அனுபவம் சின்னது. வாடகை வீட்டில் ஜெபக்கூடுகையை நிறுத்தச் சொல்லி ஒரு கும்பல் வந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி, அவர் சபைக்கு வருகிறவர் இல்லை, விளக்குமாற்றோடு நடுவில் வந்து நின்றார். கலைந்துபோனார்கள்.

பணித்தளத்தில் இருப்பவர்களுக்குச் சில விஷயங்கள். அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமை தருகிறது. ஆனால் 1977இல் உச்ச நீதிமன்றத்தில் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில், அடுத்தவரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று தீர்ப்பு வந்தது. ஆகவே பேசும்போது வார்த்தையில் கவனம் வேண்டும். மருந்து, உதவித்தொகை கொடுக்கும் இடத்தில் ஜெபத்தை வைக்காதீர்கள், அதையே மதம் மாற ஆசைகாட்டியது என்று எழுதிவிடுவார்கள். மிரட்டல் வந்த அன்றே புகார் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள். நம் தமிழ்நாடு என்றால், புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சிஎஸ்ஆர் ரசீது இல்லாமல் ஸ்டேஷனை விட்டு வெளியே வராதீர்கள். ஆளில்லாத வீட்டுக்குத் தனியாகப் போகாதீர்கள்.

அடக்க விஷயத்தில், சத்தீஸ்கர் வழக்கு ஒன்றில் 2025 ஜனவரி 27 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் மாறுபட்டார்கள். ஒருவர் சொந்த நிலத்தில் புதைக்கலாம் என்றார், மற்றவர் கூடாது என்றார். அதற்குள் உடல் ஏறக்குறைய மூன்று வாரம் பிணவறையில் கிடந்தது. கடைசியில் வேறு ஊரில், கிறிஸ்தவர்களுக்கு ஒதுக்கிய இடத்தில், போலீஸ் பாதுகாப்போடு அடக்கம் செய்ய உத்தரவிட்டார்கள். எனவே பஸ்தர் அண்ணன் எடுத்த முடிவைக் குறை சொல்ல முடியாது.

ஆரல்வாய்மொழிக்காரி
நான் அண்ணனைக் குறை சொல்லவில்லை. எந்தத் தீர்ப்பு வந்தாலும் எனக்கு ஆறவில்லை, அதுதான் சொல்கிறேன். நாங்கள் நவம்பர் 2, கல்லறைத் திருநாள் அன்று கல்லறையில் புல் செதுக்கி மெழுகுதிரி ஏற்றுவோம். எங்களுக்கு வீட்டிலிருந்து நடக்கும் தூரம். அந்த மகன் தன் அப்பாவைப் பார்க்க எவ்வளவு தூரம் போக வேண்டும் அண்ணே? பஸ் இருக்கிறதா?