கேங்ஸ்டா: அனிமே (ஜப்பான் கார்ட்டூன் தொடர்) பாதியில நிக்குது, மாங்கா (அதோட மூலச் சித்திரக்கதை) வாங்கலாமா?

வண்ணார்பேட்டைக்காரன்:
ரெண்டே ராத்திரியில 12 எபிசோடும் பாத்து முடிச்சேன். கடைசியில அப்படியே அந்தரத்துல விட்டுட்டான். மாங்காவிலயாவது கதை முடியுதா? மன்ரோ, கிறிஸ்டியானோ, கோர்சிகா, பால்க்ளீ கில்டுன்னு நாலு கோஷ்டி, யாரு யாருக்கு ஆளுன்னே பிடிபடல. வெட்டுக்குத்துக்காகக் கேக்கல அண்ணாச்சி. நெல்லைன்னாலே சினிமாக்காரன் கையில அருவாளைக் கொடுத்துருதான், அது சலிச்சுப் போச்சு. அதுல வார காது கேக்காத நிக்கோலஸுக்காகத்தான் கேக்கேன்.

தென்காசி ரயில்:
முடியல. கோஸ்கேங்கறவரு 2011-ல எழுதி வரைய ஆரம்பிச்ச மாங்கா அது. 8 தொகுதி வந்திருக்கு. நடுவுல எழுதுறவருக்கு உடம்பு சரியில்லாம நீண்ட இடைவெளி. அனிமே எடுத்த மாங்லோப் கம்பெனி 2015-லயே திவால். ரெண்டாவது சீசனை மறந்துருங்க.

முருகன்குறிச்சி தங்கச்சி:
முடியாட்டாலும் வாங்குங்க.

எங்க அண்ணனுக்குப் பொறந்ததுல இருந்தே காது கேக்காது. பாளையங்கோட்டையில காதுகேளாதோர் பள்ளியில படிச்சான், இப்ப தையல் கடை. காஜா எடுக்கது நான். அவனைக் கூப்பிடணும்னா மேஜையைத் தட்டணும், இல்ல டியூப் லைட்டை அணைச்சுப் போடணும். மீசை மூடுன வாயும் வெத்தல போட்ட வாயும் அவனுக்குப் புரியாது. சண்டையில தோக்கப் போறான்னா கண்ணை மூடிக்கிடுவான், அம்புட்டுதான், நாம என்ன கத்தியும் பிரயோஜனமில்ல. கரண்ட் போனா சண்டையும் அங்கனயே நின்னுரும்.

அதனால காது கேக்காத ஆளு வார கதைன்னாலே எனக்குப் பயம். பாவப்பட்டவனா வருவான், இல்ல கடைசியில ஆபரேஷன் பண்ணிக் கேக்க வச்சிருவாங்க. நிக்கோலஸ் அப்படி இல்ல. வாள் எடுத்தா ஏ ஸீரோ, அந்தக் கதையில அதான் உச்ச ரேங்க்; மத்த நேரம் குசும்பன். அவன் கையால பேசுதப்ப கூட்டாளி வோரிக்கும் கையாலயே பதில் சொல்லுதான். வாயைத் திறக்கது அபூர்வம். திறந்தா, அவனுக்குக் குரல் கொடுத்த ட்சுடா கென்ஜிரோ குரல் ஏறி இறங்குத இடமெல்லாம் மாறிக் கெடக்கும். மொத தடவை கேட்டப்ப என் ஊசி நின்னுட்டு. எங்க அண்ணன் குரல் அது. கடைக்கு வார பயலுவ பழிச்சுக் காட்டுனதுல இருந்து அவன் வீட்டுல மட்டும்தான் பேசுவான்.

என்னன்னு கேட்டான். இவன் ஒன்னை மாதிரியே பேசுதான்னேன். ஸ்பீக்கர் மேல உள்ளங்கையை வச்சுக்கிட்டு நெடுநேரம் இருந்தான். அப்புறம் குறை சொல்ல ஆரம்பிச்சான் பாருங்க! ஜப்பான்காரன் கை வேற, நம்ம கை வேற. அதை விட, இந்தப் படத்துல வாய் சும்மா திறந்து திறந்து மூடுது, உதட்டைப் பாத்து என்னத்தப் படிக்கன்னு ஒரே எரிச்சல். மாங்காவுல அந்தத் தொல்லை இல்ல. காகிதத்துல எல்லாருமே ஊமைதானே.

நீங்க கேட்ட கோஷ்டி விவகாரத்துக்கு ட்வைலைட்டுங்கற ஆளுங்களைப் பிடிச்சுக்கிட்டாப் போதும். சண்டைக்குப் போன சிப்பாய்களுக்கு செலிப்ரேன்னு மருந்து கொடுத்தாங்க, அவங்க வாரிசுதான் இவங்க. பலம் ஜாஸ்தி, ஆயுசு கம்மி, அந்த மருந்து இல்லாம உசுரும் தங்காது. கழுத்துல டேக் மாட்டணும். கோர்சிகாவுக்கு இவங்களைக் கண்டாலே ஆகாது, கிறிஸ்டியானோ அடைக்கலம் கொடுக்காங்க, கில்டு கூலிக்கு அனுப்புது, மன்ரோ நடுவுல நின்னு சமாளிக்காரு. ஊரு பேரே எர்காஸ்டுலம். ரோமாபுரியில அடிமைகளை அடைச்சு வச்ச கொட்டடிக்கு அதான் பேரு.

வண்ணார்பேட்டைக்காரன்:
இப்பதான் தெளிவாச்சுக்கா. விஸ் பதிப்பகம் போட்ட இங்கிலீஷ் தொகுதியை எந்தப் பக்கத்துல இருந்து படிக்கணும்?

முருகன்குறிச்சி தங்கச்சி:
நம்ம புஸ்தகத்துக்குப் பின்னட்டை எங்க இருக்குமோ அங்கன இருந்து. அண்ணன் நம்ம வழக்கப்படி புரட்டிட்டு, செத்தவன் எந்திரிச்சு வாரானேன்னு கேட்டான். மொத தொகுதி இப்ப அவன் மிஷின் டிராயர்ல கெடக்கு. கேட்டா கண்ணை மூடிக்கிடுதான்.